பெயர் ஒன்று, பட்டை பல: கறுவா மருத்துவ எழுத்துகள் குறித்து ஒரு திறனாய்வு

மரபு மருத்துவம் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கென ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. முன்னோர் அன்றே சொன்னார்கள். அறிவியல் இன்று மெய்ப்பித்துவிட்டது. ஆகவே தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். இம்மூன்று படிகளில் கட்டுரை நிறைவெய்திவிடும். முஸ்லிம் அறிஞர்களின் மருத்துவப் பங்களிப்பைப் பேசும் கட்டுரைகளும் இதற்கு விலக்கல்ல. இப்னு சீனாவின் பெயர் முதற்படியிலும், மேலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு இரண்டாம் படியிலும் வந்து நின்றுகொள்ளும். இரண்டிற்கும் இடையே கிடக்கும் ஆயிரம் ஆண்டுகளில் அப்பொருளுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை.

இவ்வாய்பாட்டின் குறையை எடுத்துக்காட்ட, மிக அதிகமாக எழுதப்பட்டுள்ள ஒரு மரப்பட்டையையே தேர்ந்துகொள்வோம். கறுவாப்பட்டையை அறியாத சமையற்கட்டு நம்மிடையே இல்லை. நெய்ச்சோற்றிலும் இறைச்சி ஆணத்திலும் மணம் கூட்டும் இப்பட்டை, சர்க்கரை நோய்க்கு அருமருந்து என்று கடந்த இருபதாண்டுகளாகப் பரப்பப்பட்டு வருகிறது. அதை நம்பி நாள்தோறும் தேக்கரண்டிக் கணக்கில் தூளை உட்கொள்வோரும், மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாகவே குறைத்துக்கொள்வோரும் உண்டு. எழுத்தின் பிழை இங்கே ஏட்டோடு நின்றுவிடாமல் உடலில் சென்று முடிகிறது. ஆகையால் இதனை ஆராய்வது கடமையாகிறது.

பெயர்களின் சிக்கல்

இலங்கைத் தமிழர் கறுவா என்று அழைப்பதைத் தமிழகத்தார் லவங்கப்பட்டை என்றும், வெறுமனே பட்டை என்றும் வழங்குகின்றனர். இலவங்கம் என்னும் வடசொல்லோ கிராம்பைக் குறிப்பது. வட இந்தியாவில் இன்றும் ‘லவங்’ என்றால் கிராம்புதான். ஒரு மரத்தின் பூமொட்டுக்குரிய பெயர், வேறொரு மரத்தின் பட்டைக்கு ஒட்டிக்கொண்டது என்பதே நம் வழக்கு காட்டும் முதற் குழப்பம்.

இரண்டாம் குழப்பம் இதனினும் பெரிது. பட்டை என்ற பெயரில் நம் கடைகளில் கிடைப்பது ஒரே மரத்தின் பொருளன்று. இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கறுவாவைத் தாவரவியலார் ‘சின்னமோமம் வேரம்’ என்பர். சீனாவிலும் வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் விளையும் பட்டைகள் அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு மரங்களிலிருந்து பெறப்படுவன. இவற்றைப் பொதுவாகக் காசியா என்று வணிகத்தில் வழங்குவர். விலை குறைந்ததும் காரம் மிகுந்ததுமான காசியாவே உலகச் சந்தையில் பெரும்பகுதியை நிரப்புகிறது. தமிழக மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் கிடைக்கும் தடித்த, சிவந்த, கடினமான துண்டும் பெரும்பாலும் அதுவே.

இரண்டையும் முழுப் பட்டையாகக் கண்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். இலங்கைக் கறுவாவில் மேற்தோல் சுரண்டப்பட்டு, உட்பட்டை மட்டுமே மெல்லிதாக உரிக்கப்படுகிறது. உரித்த சுருள்கள் ஒன்றினுள் ஒன்றாகச் செருகப்பட்டு நிழலில் உலர்த்தப்படுகின்றன. எனவே அதன் வெட்டுமுகத்தில் காகிதம்போன்ற பல அடுக்குகள் தெரியும். விரலால் அழுத்தினால் நொறுங்கும். காசியாவோ ஒரே தடித்த அடுக்காக, இரு விளிம்புகளும் உட்புறம் சுருண்டு, உடைக்க வலிமை வேண்டுவதாக இருக்கும். ஆனால் தூளாக்கிவிட்டாலோ, கண்ணால் பிரித்தறிவது அரிது. மருந்தென்று பரிந்துரைக்கப்படுவதோ பெரும்பாலும் தூள்தான்.

முன்னோர் செய்த பணி

அரபு மருந்தியல் நூல்களைப் புரட்டுவோர் வியப்புறும் செய்தி ஒன்று உண்டு. இன்று நாம் மறந்துவிட்ட இவ்வேறுபாட்டை அந்நூல்கள் மறக்கவில்லை. ‘தார்ஸீனீ’ என்பது ஒரு மருந்து. ‘ஸலீகா’ என்பது வேறொரு மருந்து. முன்னது ‘சீன மரம்’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் அரபு வடிவம். பின்னது உரித்தெடுத்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்தது. காசியா வகையைச் சுட்டுவது. ‘கிர்ஃபா’ என்னும் மூன்றாம் சொல்லுக்கு மரப்பட்டை என்பதே நேர்ப்பொருள். இன்றைய அரபுச் சந்தைகளில் எல்லாவற்றிற்கும் கிர்ஃபா என்பதே பொதுப்பெயராகிவிட்டது; பழைய நூல்களிலோ ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருந்தது. யூனானி மருத்துவத்தில் இன்றும் செய்யப்படும் ‘ஜவாரிஷ் ஜாலினூஸ்’ என்னும் இரைப்பைக்குரிய இலேகியத்தின் சரக்குப் பட்டியலில் தார்ச்சீனியும் ஸலீகாவும் தனித்தனியே இடம்பெற்றிருப்பது இதற்கு உயிருள்ள சான்று. இரண்டும் ஒன்றென்று கருதியிருப்பின், ஒரே மருந்தில் இரண்டையும் சேர்க்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்பிரித்தறியும் ஒழுக்கம் தற்செயலாக வந்ததன்று. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் தியோஸ்கோரிடீஸின் கிரேக்க மருந்து நூலை இஸ்திஃபான் இப்னு பஸீல் அரபியாக்கினார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைத் திருத்தினார். இன்ன செடி என்று தமக்குத் தெரியாத இடங்களில் மொழிபெயர்ப்பாளர் ஊகமாக ஓர் அரபுப் பெயரை இட்டு நிரப்பவில்லை. பின்வருவோர் கண்டறியக்கூடும் என்ற எண்ணத்தில் கிரேக்கப் பெயரை அப்படியே விட்டுவைத்தார். இதனை நமக்குத் தெரிவிப்பவர் 10ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த மருத்துவர் இப்னு ஜுல்ஜுல். பின்னர் பைசாந்தியப் பேரரசரிடமிருந்து அந்நூலின் கிரேக்கப் படி குர்துபாவுக்கு வந்தது. நிக்கோலாஸ் என்னும் துறவி 951இல் அங்கு வந்து சேர, எஞ்சியிருந்த பெயர்களை உள்ளூர் அறிஞர்கள் அவருடன் அமர்ந்து ஆராய்ந்தனர். ஒரு செடியின் பெயருக்காக நூறாண்டு காத்திருக்கும் பொறுமை அம்மரபுக்கு இருந்தது.

அல்-பீரூனி தம் முதுமையில் எழுதிய ‘கிதாபுஸ் ஸைதனா’ இவ்வொழுக்கத்தின் உச்சம். மருந்துப் பொருள் ஒவ்வொன்றுக்கும் அரபு, பாரசீகம், கிரேக்கம், சுரியானி, இந்திய மொழிகள் எனப் பல மொழிகளிலும் வழங்கும் பெயர்களை அவர் திரட்டினார். மருந்தாளரின் முதற்பணி சரக்கை இனங்கண்டு, அதன் வகையையும் தரத்தையும் அறிவதே என்பது அவர் கொள்கை. 1248இல் திமிஷ்கில் காலமான இப்னுல் பைதார், ஏறத்தாழ 1,400 தனிச்சரக்குகளை அகரவரிசையில் தொகுத்தபோது, எதனை யார் சொன்னார் என்று பெயர் சுட்டியே எழுதினார். அதற்கும் முன்னர், 11ஆம் நூற்றாண்டில் பக்தாதின் இப்னு புத்லான் தம் ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’வை அட்டவணையாக அமைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் நன்மைக்கு அடுத்த கட்டத்தில் தீமை; அதற்கு அடுத்து அத்தீமையை நீக்கும் மாற்று. யூனானி நூல்கள் இன்றும் சரக்கின் இயல்பு, பயன் ஆகியவற்றோடு அதன் கேடு, கேட்டைத் திருத்தும் பொருள், கிடைக்காதபோது பயன்படும் பதிலி, உட்கொள்ளும் அளவு ஆகியவற்றையும் குறிப்பிடுகின்றன.

நம் கட்டுரையாளர்கள் இம்மரபிலிருந்து எடுத்துக்கொள்வது நன்மை என்ற ஒரு கட்டத்தை மட்டுமே. ஏனைய கட்டங்களை வெட்டியெறிந்துவிட்டு எஞ்சியதை மரபு என்று காட்டுவது, மரபுக்குச் செய்யும் அநீதி.

ஊர் மாறிய பட்டை

இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. 1037இல் மறைந்த இப்னு சீனா தம் ‘அல்-கானூன்’ நூலின் இரண்டாம் பகுதியில் தார்ஸீனீயைப் பேசுகிறார். ஆனால் இலங்கையில் கறுவா விளைவதாகத் தெளிவாகக் கூறும் மிகப் பழைய குறிப்பாக அறிஞர்கள் சுட்டுவது, 1270ஐ ஒட்டி ஸகரிய்யா அல்-கஸ்வீனி எழுதியதைத்தான். இப்னு சீனா அறிந்திருந்த பட்டையின் பெயரிலேயே சீனம் இருக்கிறது. ஆகவே அவர் புகழ்ந்த பொருளும், இன்று இலங்கைக் கறுவா என்று நாம் விலைகொடுத்து வாங்கும் பொருளும் ஒன்றென்று துணிந்துரைக்க வழியில்லை. கிரேக்கரும் உரோமரும் அறிந்த சின்னமோமம் எது என்பதிலும் இதே ஐயம் உண்டு. பெரும்பறவைகள் இப்பட்டையைக் கொண்டு கூடு கட்டும் என்று ஹெரொடோட்டஸ் எழுதிவைத்த கதையை, விலையை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டதென்று முதலாம் நூற்றாண்டிலேயே பிளினி தள்ளிவிட்டார். பட்டையைச் சுற்றிக் கதை கட்டுவது புதிய வழக்கமன்று.

இலங்கைக் கறுவாவுக்கும் தமிழ்க் கரைக்கும் உள்ள உறவோ பழமையானது. 1344இல் புத்தளம் கரையில் இறங்கிய இப்னு பதூதா, வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்ததைப் பதிவுசெய்கிறார். மஅபர், மலபார் மக்கள் விலையின்றி அவற்றை எடுத்துச் சென்றனர். ஈடாக ஆரியச்சக்கரவர்த்தி மன்னருக்குத் துணியும் பிறவும் அளித்தனர் என்பதும் அவர் தரும் செய்தி. மஅபர் என்பது நம் சோழமண்டல, பாண்டியக் கரையே. இவ்வாறு கொடையும் கைம்மாறுமாக நடந்த வணிகம், 1505இல் போர்த்துக்கேயர் வந்தபின் துப்பாக்கிமுனைக்குச் சென்றது. அவர்களை அகற்றிய ஒல்லாந்தக் கம்பெனி கறுவாவைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. பட்டை உரிக்கும் தொழிலுக்குரிய சலாகம சமூகத்தார்மீது கட்டாய ஊழியம் சுமத்தப்பட்டது. களவாகக் கறுவா விற்பதற்கு மரணதண்டனை வரை விதிக்கப்பட்டது. 1760களின் இறுதியில் கொழும்பு மருதானையில் முதல் தோட்டம் போடப்படும்வரை, காட்டு மரங்களே உரிக்கப்பட்டு வந்தன. 1796இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய அத்தனியுரிமை 1833இல்தான் ஒழிந்தது.

இவ்வரலாற்றைக் குறிப்பிடக் காரணம் உண்டு. மலிவான காசியா உலகச் சந்தையை நிரப்பியதால், ஒரே பெயரின்கீழ் இரு பொருள்களும் கலந்தன. பெயரின் குழப்பம் அறியாமையால் மட்டும் வந்ததன்று. அதில் வணிகத்திற்கும் பங்குண்டு. ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுக் காப்பு அளித்ததை, அக்குழப்பத்தைத் தீர்க்கும் தாமதமான முயற்சியாகவே கொள்ளலாம்.

ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

இனி, அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்னும் இரண்டாம் படிக்கு வருவோம். கறுவாவுக்கு நீரிழிவு மருந்து என்ற பெரும்புகழைத் தேடித்தந்தது 2003இல் ‘டயாபிடீஸ் கேர்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு. பாகிஸ்தானின் பெஷாவரைச் சேர்ந்த ஆலம் கானும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து எழுதியது அது. இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 60 பேருக்கு 40 நாள்கள் நடந்த இச்சோதனையில், நாளொன்றுக்கு 1, 3 அல்லது 6 கிராம் பட்டைத்தூள் உண்டவர்களின் வெறும்வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டனர். செய்தி உலகெங்கும் பரவியது.

பரவாதவை மூன்று. முதலாவது, அச்சோதனையில் கொடுக்கப்பட்டது காசியா. அதனை மேற்கோள் காட்டி இலங்கைக் கறுவாவைப் பரிந்துரைப்போர், ஒரு மரத்தின் சான்றிதழை வேறொரு மரத்தின் கழுத்தில் மாட்டுகின்றனர். இரண்டாவது, குழுவுக்கு 10 பேர் எனப் பிரிக்கப்பட்ட சிறிய சோதனை அது. மூன்று மாத சராசரிச் சர்க்கரையை அளக்க 40 நாள் போதவும் போதாது. மூன்றாவது, பின்னர் நடந்தவை. 2012இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, 577 பேர் பங்கேற்ற 10 சோதனைகளைத் தொகுத்து நோக்கியது. நீரிழிவுக்குக் கறுவாவைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பது அதன் முடிவு. 2013இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு வெறும்வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைவதைக் கண்டது. மூன்று மாத சராசரியில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. அறிவியல் இங்கே மெய்ப்பிக்கவுமில்லை, முற்றாக மறுக்கவுமில்லை. அது இன்னும் வினவிக்கொண்டிருக்கிறது. வினாவை விடையென்று அச்சிடுவதே இவ்வெழுத்துகளின் குற்றம்.

இப்போது கேடு என்னும் கட்டத்தைப் பார்ப்போம். காசியாவில் கூமரின் என்னும் இயற்கை வேதிப்பொருள் மிகுதியாக உண்டு; இலங்கைக் கறுவாவில் அது மிகச் சிறிதளவே. கூமரின் சிலரது கல்லீரலைப் பாதிக்க வல்லது. உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க உச்ச அளவு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்துள்ளது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 6 மில்லிகிராம். ஜெர்மானிய இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2006 முதல் எச்சரித்துவரும் கணக்கின்படி, ஒரு கிலோ காசியாத் தூளில் சராசரியாக 3,000 மில்லிகிராம் கூமரின் இருக்கலாம். அதாவது 2 கிராம் தூளிலேயே அவ்வெல்லை எட்டப்பட்டுவிடும். அது ஒரு தேக்கரண்டியைவிடக் குறைவு. சில நாள் மிகுதியாக உண்பதால் ஆபத்து என்பது இதன் பொருளன்று; உணவில் மணத்திற்காக இடும் துண்டைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நீரிழிவுக்காரர் மருந்தென்று உண்பது சில நாள் அன்று, ஆண்டுக்கணக்கில். அவருக்கு எந்தப் பட்டை, எவ்வளவு என்று சொல்லாத கட்டுரை, மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டு அளவை மறைத்த மருத்துவச்சீட்டுக்கு ஒப்பானது.

தேனும் பட்டையும்

இவ்வகை எழுத்துகளில் மிகப் பரவியது, தேனும் பட்டைத்தூளும் சேர்ந்தால் மூட்டுவாதம் முதல் புற்றுநோய் வரை குணமாகும் என்னும் பட்டியல். துண்டறிக்கையாகவும் சிற்றேடாகவும் இது பல மொழிகளில் சுற்றிவருகிறது. 1995 ஜனவரி 17 தேதியிட்ட கனடிய இதழ் ஒன்றே அதன் ஆதாரமாகச் சொல்லப்படுகிறது. குறிப்பிடப்படும் ‘வீக்லி வேர்ல்ட் நியூஸ்’ கனடிய இதழுமன்று, மருத்துவ இதழுமன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து வெளிவந்த, வேற்றுக்கிரக மனிதரைப் பற்றிய கற்பனைச் செய்திகளுக்குப் பேர்போன வார ஏடு.

இதனினும் வருந்தத்தக்கது, அப்பட்டியலின் தலைப்பில் தேனின் சிறப்பைக் கூறும் மறைவசனத்தைப் பொறித்து வெளியிடுவது. தேனுக்குரிய கண்ணியம், அதனோடு குழைக்கப்படும் பொருளுக்கெல்லாம் தானே வந்துவிடாது. நீரிழிவுக்குப் பட்டையைத் தேனில் குழைத்து உண்ணச் சொல்லும் அறிவுரையின் முரண்பாடு, எழுதுவோர் கண்ணில் படாததும் வியப்பே. ஒரு செய்தியை அறிவித்தவர் யார், அவர் எத்தகையவர் என்று அறிவிப்பாளர் தொடரை ஆராயும் கலையை உலகுக்குத் தந்த சமுதாயம் நம்முடையது. அக்கலையின் முதல் வினாவைக்கூட இப்பட்டியலிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சந்தையின் பொறுப்பு

பழைய முஸ்லிம் நகரங்களில் இவ்வினாவைச் சந்தையிலேயே கேட்க முஹ்தசிப் என்னும் அதிகாரி இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் ஷாமில் வாழ்ந்த அஷ்-ஷைஸரீ அவருக்கென எழுதிய கையேட்டில், மருந்துச் சரக்கு விற்போரும் வாசனைப்பொருள் விற்போரும் செய்யும் கலப்படங்களுக்கும் அவற்றைக் கண்டறியும் முறைகளுக்கும் தனி அதிகாரங்கள் உண்டு. மருந்து தூய்மையாக இருந்தால்தான் மருத்துவ நூல் உண்மையாகும் என்பதை அக்காலம் உணர்ந்திருந்தது. நம் காலத்தில் 2023இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் சேர்க்கப்பட்ட பட்டைத்தூளில் ஈயம் இருந்தது கண்டறியப்பட்டது. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் குருதியில் அந்த நஞ்சு ஏறியது. தூளாக்கப்பட்ட சரக்கில் பொய்யும் தூளாகிக் கலந்துவிடுகிறது. பட்டையின் பெருமையை எழுதும் கட்டுரையாளர், முழுப்பட்டையாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதினால், அது இப்னு சீனாவின் பெயரைப் பத்துமுறை சொல்வதைவிடப் பயன் தரும்.

கறுவாவின் மருத்துவக் குணத்தை மறுப்பது நம் நோக்கமன்று. செரிமானத்திற்கும் வயிற்று உப்புசத்திற்கும் இருமலுக்கும் அதனைப் பிற சரக்குகளுடன் அளவறிந்து சேர்த்த மரபு, நீண்ட பட்டறிவின் விளைவு. அதனை மதிக்கிறோம். மதிப்பதாலேயே, அம்மரபு இட்ட நிபந்தனைகளுடன் அது எடுத்துரைக்கப்பட வேண்டும் என்கிறோம். எந்த மரத்தின் பட்டை, எந்த நோய்க்கு, என்ன அளவு, எதனோடு சேர்த்து, யாருக்கு ஆகாது, யார் சொன்னார் ஆகிய ஆறு வினாக்களுக்கு விடையில்லாத மருத்துவக் கட்டுரையை வெளியிடுவதில்லை என்று நம் ஏடுகள் உறுதிபூணுமாயின், பிழைகளில் பெரும்பாலானவை அச்சேறாமலே நின்றுவிடும்.

பட்டைத்தூளை உண்டுவரும் நீரிழிவுக்காரர் அதனைத் தம் மருத்துவரிடம் மறைக்காது சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. இதனை எழுதுவதால் மரபுக்கு இழுக்கு ஏதும் நேர்ந்துவிடாது. தெரியாத செடிக்குப் பெயரிடாமல் நூறாண்டு காத்திருந்தவர்களின் வழியில் வந்தோர் நாம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி, அப்போதுதான் நமக்கு வாய்க்கும்.